பெட்டைக்கெல்லோ புத்தி வேணும்

தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்து நாம் வழங்கும் தீர்ப்புகளை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்துப் பார்த்தால், ஒரே காரியத்தைச் செய்த இருவரில் பெண்ணுக்கு ஒரு நீதியும் முகவெட்டான பொடியனுக்கு வேறொரு நீதியும் சொல்லியிருப்பது தெரியவரும். சொன்னவர்களில் அரைவாசிக்கு மேல் பெண்களாகத்தான் இருப்போம்.

2019 ஆம் ஆண்டு விஜய் ரிவியில் ஒளிபரப்பான ‘பிக் பொஸ்’ நிகழ்ச்சியின் மூன்றாம் பாகத்தை எம்மவர்கள் பலர் விடாமல் பார்த்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. சக்தி ரிவியில் செய்தி வாசித்துக் கொண்டிருந்த லொஸ்லியாவும், தர்சனும் இலங்கையிலிருந்து அதில் கலந்து கொண்டார்கள். எங்கள் பேச்சை இந்தியத் தொலைக்காட்சியில் நாள்தோறும் கேட்பதே ஒரு புதுமைதான். முதல் வாரங்களில் லொஸ்லியா எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. அந்த வீட்டிலிருந்த இயக்குநர் சேரனை அவர் “சேரப்பா” என்று அழைத்தபோது, தகப்பனைப் பிரிந்த பிள்ளைக்கு ஒரு தகப்பன் கிடைத்து விட்டார் என்று பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். லொஸ்லியாவின் தந்தை கனடாவில் தொழில் செய்து வந்தவர். பத்து வருடமாக மகளை நேரில் காணாதவர். இந்தப் பிரிவை வன்னியில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதே வீட்டில் கவினும் இருந்தார். ‘சரவணன் மீனாட்சி’ தொடரில் வேட்டையனாக நடித்து ஏற்கனவே பெண்களின் மனதைப் பிடித்தவர். பகிடியாகக் கதைப்பார், பாட்டுப் படிப்பார், கண் கலங்கவும் தெரியும். தொடக்கத்தில் அங்கிருந்த பெண்கள் சிலரோடு விளையாட்டாகக் காதல் கதை கதைத்தார். பிறகு சாக்‌ஷியோடு நெருங்கினார். அது முறிந்து லொஸ்லியாவோடு நெருங்கினார். ரசிகர்கள் என்ன செய்தார்கள்? மனம் நொந்து அழுத சாக்‌ஷியை, பொடியனின் நிம்மதியைக் கெடுப்பவள் என்று ஏசினார்கள். ஓகஸ்ட் மாதத்தில் அவர் வெளியேற்றப்பட்டார். அடுத்ததாக ஏச்சு லொஸ்லியாவின் பக்கம் திரும்பியது. சேரப்பாவை மறந்து விட்டாள், தகப்பனின் கஷ்டத்தை மறந்து விட்டாள் என்றார்கள்.

செப்ரெம்பரில் உறவினர்கள் அந்த வீட்டுக்குள் வந்தார்கள். லொஸ்லியாவின் தந்தையும் வந்தார். பத்து வருடத்துக்குப் பின் தகப்பனைக் கண்ட மகள் விழுந்து அழ, அவர் கோபத்தோடு மகளைக் கடிந்து கொண்டார். அந்தக் காட்சியைப் பார்த்து அழாத வீடு குறைவு. தகப்பனின் வேதனையில் நியாயம் இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே நாட்களில் கவினின் நண்பர் பிரதீப் அன்ரனி வந்து, கவினின் விளையாட்டுச் சரியில்லை என்று கன்னத்தில் அறைந்து விட்டுப் போனார். அதை எல்லோரும் நட்பின் உரிமை என்று ரசித்தார்கள். மகளுக்குக் கிடைத்த கண்டிப்புத்தான் குடும்ப மானத்தின் கதையாயிற்று.

கவின் ஐந்து இலட்சம் இந்திய ரூபாவைப் பெற்றுக்கொண்டு இறுதி வாரத்துக்கு முன்னரே வெளியேறினார். அதையும் தியாகம் என்று கொண்டாடினார்கள். ஒக்ரோபர் 6 ஆம் திகதி மலேசியாவின் முகென் வெற்றி பெற, லொஸ்லியா மூன்றாவதாக வந்தார். கவின் பிறகு ‘லிப்ட்’ (2021), ‘டாடா’ (2023) படங்களின் கதாநாயகனாகி முன்னுக்கு வந்தார். நல்ல நடிகர், வரட்டும். லொஸ்லியாவும் படங்களில் நடித்தார். ஆனாலும் அவரது பெயர் எழும் இடமெல்லாம் இன்றும் அந்தக் கதைதான் முதலில் எழுகிறது. கவினிடம் யாரும் அப்படிக் கேட்பதாகத் தெரியவில்லை.

கன்னத்தில் அறைந்த அதே பிரதீப் 2023 இல் ஏழாம் பாகத்துக்குப் போட்டியாளராக வந்தார். அவரது நடத்தையால் பாதுகாப்பாக உணரவில்லை என்று உடனிருந்த பெண்கள் சிலர் கூறியதை அடுத்து, சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டார். அந்தத் தண்டனை கூடியதா குறைந்ததா என்று வாதாடலாம். ஆனால் ரசிகர்களில் பெருந்தொகையினரின் கோபம், வாய் திறந்த பெண்கள் மேல்தான் இறங்கியது.

மெகா தொடர்களும் இதற்கு விலக்கல்ல. ‘கோலங்கள்’ தந்த திருச்செல்வம் 2022 இல் சன் ரிவியில் ‘எதிர்நீச்சல்’ தொடரைத் தொடங்கினார். படித்த மருமகள்மாரை அடுப்படியில் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரனின் வீட்டுக் கதை அது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து சொல்லும் “ஏய், இந்தாம்மா” என்ற வார்த்தை சிறுபிள்ளைகளின் வாயிலும் புகுந்தது. 2023 செப்ரெம்பர் 8 ஆம் திகதி அவர் மாரடைப்பால் இறந்தபோது சொந்தத்தில் ஒருவரை இழந்ததுபோலப் பெண்கள் கவலைப்பட்டார்கள். அது அந்தக் கலைஞனுக்குக் கிடைத்த மரியாதை. என் கவலை அந்த வார்த்தையைப் பற்றியது. அதட்டுகிறவனின் அதட்டல் எங்களுக்குப் பகிடியாக இனிக்கிறது. எதிர்த்துக் கதைக்கும் ஜனனியை மட்டும் “வாய் கூடினவள்” என்கிறோம். நந்தினியும் ரேணுகாவும் அடுப்படியில் நின்று புறுபுறுக்கும்வரை எங்களுக்குப் பிடிக்கிறது. வாசலைத் தாண்டினால் பிடிக்கவில்லை.

தொலைக்காட்சி வந்து கெடுத்த புத்தி என்று இதைச் சொல்லித் தப்ப முடியாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்கல் வைக்கும் மண் இது. முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்பட்டு வந்திருக்கிறது. மனைவியை விட்டுப் போனவன் கோவலன். பொருளைத் தொலைத்தவனும் அவனே. இருந்தும் கூத்துப் பார்த்தவர்களின் வசவு வாங்கியவள் மாதவி. சிலப்பதிகாரத்தில் அவள் கோவலனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கிறாள், அவன் இறந்த செய்தி கேட்டுத் துறவு பூணுகிறாள். அந்தப் பகுதியை எங்கள் கதைகளில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

கற்பனைப் பாத்திரங்களோடு இது நின்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். 2010 ஆம் ஆண்டு அரசதரப்பில் சொல்லப்பட்ட கணக்கின்படி வடக்குக் கிழக்கில் ஏறத்தாழ 89,000 விதவைகள் இருந்தார்கள். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி வேறாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை. கச்சேரிக்கு அலைந்து விட்டு இருட்டிய பிறகு ஓட்டோவில் வந்து இறங்கினால், ஓட்டோ யாருடையது என்று படலைக்குப் படலை விசாரணை. வாரக்கடன் அறவிட வரும் பொடியன் மடிப்புக் குலையாத சேட்டோடு “அக்கா, அக்கா” என்று சிரித்துச் சிரித்துக் கதைத்தால் அவன் நல்ல பொடியன். பதிலுக்குச் சிரித்தவள்தான் கெட்டவள். பிள்ளையைத் தந்து விட்டு வேறு ஊரில் குடும்பம் நடத்துபவனைப் பற்றி “ஆம்பிளை, அப்பிடித்தான்” என்று ஒரே வரியில் முடித்து விட்டு, அவளைப் பற்றி ஒரு பின்னேரம் முழுக்கக் கதைக்கிறோம். தொடர் பார்க்கும்போது பழகிய நாக்குத்தான் இது.

பக்கத்தில் பாயில் இருந்து எங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். லொஸ்லியாவை ஏசியபோது பதினைந்து பதினாறு வயதுப் பெட்டைகள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். “அவன் பொடியன், எதையும் செய்வான். பெட்டைக்கெல்லோ புத்தி வேணும்” என்று தாய் சொல்லக் கேட்டவளுக்கு ஒன்று விளங்கி விடும். ரியூசனுக்குப் போகும் வழியில் ஒருவன் மறித்தால், தொலைபேசியில் படம் அனுப்பி மிரட்டினால், வீட்டில் முதலில் யாரை ஏசுவார்கள் என்பது. தாய்க்குத் தெரியாமல் அவள் தானாகவே சமாளிக்கப் பார்ப்பாள். தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்குச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

தொடர் பார்ப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. தோட்டத்திலும் கார்மென்ற்சிலும் முறிந்து விட்டு வருபவளுக்கு அந்த அரை மணி நேரம் தேவைதான். விளம்பரம் போகும் நேரத்தில் மகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: “அந்தப் பொடியன் செய்தது சரியோ, பிள்ளை? நீ என்ன நினைக்கிறாய்?” பதில் உடனே வராது. அடுத்த நாளும் கேட்க வேண்டியிருக்கும்.