கடிதத்தின் பின்னணியில் படம்

காணி கேட்டு எழுதும் கடிதத்திற்கு ஒரு தோற்றம் வேண்டுமென்று இடம்பெயர்ந்தோர் சங்கங்கள் விரும்புவது நியாயமே. றொசல்லவில் ஒரு சங்கத்தார் தமது கடிதத்தின் பின்னணியில் தேயிலை மலைப் படமொன்றை இட்டிருந்தார்கள். கணனித் திரையில் அது மங்கலாக, அழகாகத் தெரிந்தது. அச்சிட்டபோதோ கருமையாக விழுந்தது. போட்டோப்பிரதி எடுத்ததும், இணைத்திருந்த குடும்பப் பெயர்களில் பாதி மலைக்குள் மறைந்துவிட்டன. வாசிக்க முடியவில்லையென ஓர் அலுவலகம் திருப்பிவிட்டது. இரண்டு வாரம் வீணாயிற்று.

தட்டச்சு செய்த பிள்ளையைக் குறைகூற முடியாது. மைக்ரோசொப்ட் வேர்ட்டில் பக்கத்தின் மேற்பகுதி 'ஹெடர்', கீழ்ப்பகுதி 'ஃபுட்டர்'. அங்கே இடுவது ஒவ்வொரு பக்கத்திலும் தானாகவே வரும். நாம் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கையில் வேர்ட் அதை மங்கலாகக் காட்டும். அந்த மங்கல் திரைக்கு மட்டுமே. அச்சில் முழு நிறமும் விழும். 'பேஜ் கலர்' வழியாக இட்ட பின்னணியோ இதற்கு நேர்மாறு. திரையில் தெரியும், அமைப்பை மாற்றாவிட்டால் அச்சில் வராது.

சரிசெய்ய, பக்கத்தின் மேற்பகுதியில் இருமுறை கிளிக் செய்யுங்கள். ஹெடர் திறக்கும். படத்தைத் தெரிவுசெய்து, 'ராப் டெக்ஸ்ட்' என்பதில் 'பிஹைண்ட் டெக்ஸ்ட்' கொடுங்கள். இல்லையேல் படம் எழுத்துக்களைக் கீழே தள்ளிவிடும். பின்பு 'கலர்' என்பதில் 'வொஷ் அவுட்' கொடுத்தால் படம் உண்மையாகவே வெளிறும்.

முதற் பக்கத்து இலச்சினை இரண்டாம் பக்கத்தில் இல்லையென்றால், பெரும்பாலும் 'டிஃபரன்ட் ஃபெர்ஸ்ட் பேஜ்' என்பதில் அடையாளம் இருக்கும். அதை நீக்க அவசரப்பட வேண்டாம். முதற் பக்கத்தில் இலச்சினையும் முகவரியும் இருக்க, பெயர்ப் பட்டியல் வெறுந்தாளில் வருவதே நமக்கு நல்லது.

13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபபிரியானோ நகரக் கடதாசிக்காரர்கள் தாளுக்குள் நீர்க்குறி பதித்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால்தான் அது தெரியும், எழுத்தை மறைக்காது. நமது கணனிப் படத்திற்கு அந்த அடக்கம் இல்லை.

வேறு கடையில் அச்சிடுவதானால் பீடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோங்கள். படம் இடம்மாறாது. பாமினி எழுத்துரு இல்லாத கணனியில் தமிழ், ஆங்கில எழுத்துக்களாகச் சிதறும் தொல்லையும் இராது.

கையொப்பம் வாங்குமுன் ஒரு தாளை அச்சிட்டுப் போட்டோப்பிரதி எடுங்கள். அந்தப் பிரதியை இன்னொரு முறையும் பிரதி எடுங்கள். அலுவலகங்களில் கடிதம் அப்படித்தான் மேசைக்கு மேசை போகிறது. அதிலும் அடையாள அட்டை இலக்கங்களைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். றொசல்லச் சங்கத்தார் மலையை எடுத்துவிட்டு, சிறிய இலச்சினையோடு மறுபடியும் கொடுத்தார்கள்.