கேசட்டின் முதல் நிமிடம்

திரைப்படங்களை வீட்டில் பார்ப்பதற்கென்று ஒளிநாடாவாகவோ குறுந்தகடாகவோ வெளியிடும் நிறுவனம், படம் தொடங்கும் முன் தன் பெயரையும் அடையாளத்தையும் அசைவும் இசையும் சேர்த்துச் சில வினாடிகள் காட்டுவது முகப்புச் சின்னம் எனப்படும். திரையரங்கப் படங்களில் இவ்வழக்கம் மிகப் பழையது. ஜெமினியின் ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகளும் ஏவி.எம். எழுத்துகளும் மூன்று தலைமுறைத் தமிழர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் ராஜ் வீடியோ விஷன், பிரமிட், ஐங்கரன் இன்டர்நேஷனல் போன்ற வெளியீட்டாளர்களின் சின்னங்களை அந்த வரிசையில் அடுத்த படியாக மட்டும் கருதினால் அவற்றின் வடிவம் விளங்காது. ஓவியரின் கற்பனையைவிட நாடாவின் இயல்பும், பதிப்புரிமைச் சட்டமும், திருட்டுப் பிரதி குறித்த அச்சமுமே அவ்வடிவத்தைப் பெரிதும் தீர்மானித்தன.

தாமிரபரணிப் பகுதிக்கு வீடியோ வந்த வழியே இதற்குப் பின்புலம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் மேலப்பாளையத்துக்கும் கடையநல்லூருக்கும் காயல்பட்டினத்துக்கும் 1980களில் கொண்டுவந்த பொருள்களுள், ‘டெக்’ என்று எல்லோரும் சொன்ன ஒளிநாடாப் பெட்டி முதன்மையானது. உயரமான ஆன்டெனா நட்டு இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்துப் பார்த்த வீடுகளும் தென்மாவட்டங்களில் இருந்தன என்றாலும், விரும்பிய தமிழ்ப் படத்தை விரும்பிய இரவில் பார்க்க டெக்கும் கேசட் கடையுமே வழி. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வண்ணத் தொலைக்காட்சியோடு டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய இரண்டு மூன்று படங்கள் போடுவது வழக்கமாயிற்று. ஒளிநாடாவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1984இல் தனிச் சட்டமே இயற்றியது என்பதிலிருந்து அதன் பரவலை ஊகிக்கலாம்.

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர், இந்தியாவில் வழங்கிய பால் (PAL) என்னும் ஒளிபரப்பு முறையில் அது வினாடிக்கு 2.34 சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகரும். இந்த மந்த வேகத்தில் ஒளிப்படத் தகவலை நேர்கோட்டில் பதிய முடியாதென்பதால், நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும் சாய்ந்த உருளையொன்றில் ‘ஹெட்’ எனப்படும் இரண்டு காந்தமுனைகளைப் பொருத்தி, நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாகப் பதிவு செய்தார்கள். இவ்வாறு பதிந்த படத்தில் ஒளி வேறுபாடு கிடைமட்டமாக ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்குத் தெளியும். வண்ணமோ 40 கோடுகளைத் தாண்டாது. இதன் விளைவு கண்கூடானது: சிவப்பு எழுத்து தன் எல்லையை மீறிப் பக்கத்துப் பின்னணியில் வழியும், மெல்லிய கோடு மினுங்கி மறையும். தமிழ் எழுத்துக்கு இது குறிப்பாகக் கேடு விளைவித்தது. ‘ண’, ‘ழ’ ஆகியவற்றின் சுழிகள் அடைந்து போகும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி காணாமலே போகும். அடர்ந்த நீலப் பின்னணி, நிழலிட்ட தடித்த வெள்ளை எழுத்து, எளிய வடிவியல் உருவம் ஆகியவையே இந்த ஊடகத்துக்குப் பொருந்தின. பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டதற்கு வெளிநாட்டுச் சந்தையும் கொஞ்சம் மிடுக்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த எழுத்துகள் நாடாவில் பிழைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை.

நாடாவிலிருந்து நாடாவுக்குப் படி எடுக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் தெளிவு குறையும். சென்னையில் வெளியான கேசட் நெல்லைச் சந்திப்பிலோ அம்பாசமுத்திரத்திலோ உள்ள கடையை எட்டும்போது படியின் படியாக மாறியிருப்பதும் உண்டு. அது எத்தனையாவது படி என்பதைப் படம் தொடங்கும் முன்பே காட்டிக் கொடுத்தது முகப்புச் சின்னம்தான். எழுத்தின் விளிம்பு கூர்மையாக நின்றால் நல்ல பிரிண்ட், இரட்டை நிழலோடு நடுங்கினால் படி, சின்னமே இல்லாமல் வெட்டியதுபோலப் படம் தொடங்கினால் பெரும்பாலும் திருட்டு. இதில் ஒரு முரணும் உண்டு. பின்னோக்கிச் சுற்றி வைத்த கேசட்டைப் பெட்டிக்குள் தள்ளும்போதெல்லாம் எந்திரம் முதலில் இழுப்பது நாடாவின் தொடக்கப் பகுதியை என்பதால், மற்ற பகுதிகளைவிட முன்னதாகத் தேய்ந்து கசங்குவது சின்னம் பதிந்த இடமே. திரையில் கோடு விழுந்தால் டிராக்கிங் குமிழைத் திருகிச் சரிசெய்வதும் அந்தச் சில வினாடிகளுக்குள்தான் நடந்தது.

சட்டமும் இந்த முதல் நிமிடத்தில் இடம் கேட்டது. 1984இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 52ஏ பிரிவின்படி, ஒளிநாடாவை வெளியிடுபவர் தம் பெயர், முகவரி, உரிமையாளரிடம் ஒப்புதல் பெற்றதற்கான உறுதிமொழி, உரிமையாளரின் பெயர், முகவரி, தணிக்கைச் சான்றிதழின் நகல் ஆகியவற்றை உறையில் மட்டுமன்றித் திரையிலும் காட்டியாக வேண்டும். மீறினால் மூன்றாண்டு வரை சிறை. யாரும் படிக்காத அந்த முகவரிப் பலகைக்கும் படத்துக்கும் இடையே பார்வையாளரைப் பிடித்து நிறுத்தும் வேலை அசையும் சின்னத்தின் மேல் விழுந்தது.

அதை அசைய வைத்த முறை வெகுவாக மாறியது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவன மாணவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா வரைந்த தூர்தர்ஷனின் கண் சின்னத்துக்கு, வரைபடத்தின் பல நகல்களைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒளிப்படக் கருவியின் கீழ் வைத்துப் பதிந்துதான் சுழற்சி கிடைத்தது. அமெரிக்காவில் லீ ஹாரிசன் உருவாக்கிய ஸ்கேனிமேட் என்னும் ஒப்புமைக் கணினி, மின்னழுத்தத்தை மாற்றியே எழுத்தை நெளியவும் மின்னவும் செய்தது. 1993இல் வந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களுக்குப் பின், இவ்வேலை மேசைக் கணினிக்கு இறங்கியது; பெருநிறுவனத்தின் சின்னத்தில் மட்டும் கண்ட உலோகப் பளபளப்பைத் திருமண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களும் தம் பெயருக்குப் பூசிக்கொண்டன. எல்லா எழுத்தும் பொன்னாய்ச் சுழன்ற அந்தக் காலத்துச் சின்னங்களைவிட, நாடாவின் குறைக்கு அஞ்சி எளிமை காத்த பழைய சின்னங்களே அழகு எனலாம்.

அச்சம் வளர வளரச் சின்னம் படத்துக்கு முன்னே நிற்பதோடு அமையவில்லை. தொடக்கத்தை வெட்டிவிட்டு கேபிளில் ஓட்டுவது எளிதானபோது, நிறுவனப் பெயர் திரையின் மூலையில் நிலையாகக் குடியேறியது. பாட்டுக்கு நடுவே எச்சரிக்கை வரியும் ஊர்ந்தது. வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் தடுப்புக்காவலில் வைக்க இடம்தரும் வகையில் தமிழ்நாட்டின் குண்டர் சட்டம் 2004இல் விரிவாக்கப்பட்டது.

அதற்குள் நாடா போய்த் தகடு வந்திருந்தது. வி.சி.டி. எனப்படும் குறுந்தகட்டில் 74 நிமிடப் படமே அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு மூன்று தகடுகளாகப் பிரிந்தது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்துச் சுருக்கும் அதன் முறையில், வேகமாகச் சுழன்று மின்னும் சின்னம் சதுரம் சதுரமாகச் சிதறியது. அடுத்து வந்த டி.வி.டி. தெளிவைத் தந்ததோடு, சின்னம் ஓடும்போது தாண்டிச் செல்லும் பொத்தானை முடக்கும் வசதியையும் வெளியீட்டாளர் கையில் கொடுத்தது. வெற்றுத் தகடு தயாரித்துவந்த மோசர் பேயர் 2007 வாக்கில் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றுத் திருட்டுப் பிரதியோடு விலையிலேயே மோதியது. அந்நிறுவனத்தைக் கலைக்க 2018இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

பழைய வெளியீட்டாளர்கள் பலர் இன்று அதே படங்களை யூடியூபில் ஏற்றுகிறார்கள். அங்கே உரிமையைச் சரிபார்ப்பது படத்தின் காட்சியையும் ஒலியையும் ஒப்பிடும் கணினி நிரலே. முகப்புச் சின்னத்தை வெட்டினாலும் மூலையில் உள்ளதை அழித்தாலும் அதன் முடிவு பெரிதாக மாறுவதில்லை. பல நிறுவனங்களுக்குச் சின்னம் இப்போது அலைவரிசைப் பெயருக்கு அருகில் நிற்கும், அசையாத ஒரு சிறு வட்டம்.