லயத்துப் பெண்களும் இந்திய ஆட்டங்களும்

நான் கிரிக்கெட் ரசிகை. தமிழ் சினிமா ரசிகையும்கூட. சமூக சேவை செய்யும் ஒருத்தி எழுதுவதற்கு வீட்டு வன்முறை, நுண்கடன், குடி என்று எவ்வளவோ இருக்க, விளையாட்டையும் படத்தையும் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் நான் கண்டது வேறு. எங்கள் பெண்கள் கடனைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னர் ஒரு படத்தைப் பற்றியோ ஒரு நடிகரைப் பற்றியோதான் பேசத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சுக்குள்ளேயே அவர்களுடைய வாழ்க்கையும் மெல்ல வந்துவிடுகிறது.

மலையகத்துக்கும் தமிழ்ச் சினிமாவுக்கும் உள்ள உறவு பழையது. எம்.ஜி.ஆர். 1917இல் கண்டியில் பிறந்தவர். 1965இல் சரோஜாதேவியுடன் அவர் இலங்கை வந்ததை எங்கள் பாட்டிமார் திருவிழாவைப் போலச் சொல்வார்கள். அதோடு இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் லயத்து இஸ்தோப்பு வரை வந்தன. கொழுந்து பறித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் காதுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அது.

கிரிக்கெட் அப்படி அமைதியாக வந்து சேரவில்லை. அதில் 'நீ எந்தப் பக்கம்' என்ற கேள்வி எப்போதும் ஒட்டிக்கொண்டே வந்தது. 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பையில் இந்தியாவும் இலங்கையும் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் மோதின. எங்கள் லயத்தில் ஒரே காம்பராவுக்குள் இரண்டு அணிக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். தோனி கடைசியாக அந்த சிக்ஸரை அடித்ததும் என் தம்பி துள்ளி எழும்பினான். அப்பா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, டீவீச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். யுத்தம் முடிந்து இரண்டு வருடமும் ஆகாத காலம். வெளியில் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. இப்போதும் அந்தப் பயத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இல் இரண்டு நாட்டுத் தலைவர்களால் தலைக்கணக்குப் போட்டுப் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஒரு பகுதியினர் நாடற்றவர்களாகவே இருந்த சமூகம் இது. ஒரு கைதட்டலுக்கும் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

'சக் தே இந்தியா' (2007) என்ற ஹிந்திப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. பாகிஸ்தானுடனான ஆட்டத்தில் தோற்றதற்காக ஒரு முஸ்லிம் ஹொக்கி வீரரைத் துரோகி என்கிறார்கள். அவர் வீட்டுச் சுவரிலும் அதையே எழுதுகிறார்கள். தாயும் மகனும் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். படம் பிறகு பெண்கள் ஹொக்கிக்குப் போய்விடுகிறது. என் மனம் அந்தச் சுவரிலேயே நின்றுவிட்டது.

வன்னியிலிருந்து திரும்பி வந்த சகோதரிகளுக்கு இது இன்னும் சிக்கலானது. 1977இலும் 1983இலும் அடி வாங்கி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன மலையகக் குடும்பங்கள் பல. அங்கே 1987 முதல் 1990 வரை இந்திய இராணுவத்தையும் கண்டவர்கள் அவர்கள். கணவனை இழந்து பதுளைக்கு வந்த ஒரு அக்கா, இந்தியா விளையாடும்போது மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அதே அக்கா விஜய் படம் என்றால் முன்வரிசை! "படம் வேற, பட்டாளம் வேறம்மா" என்றார் ஒருநாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

முத்தையா முரளிதரனைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தோட்டத்தில் வேலை செய்ய வந்தவரின் பேரன், 2010இல் காலியில் இந்தியாவுக்கு எதிராக 800ஆவது டெஸ்ட் விக்கட்டை எடுத்தார். எங்கள் பையன்கள் வீதியில் பந்து வீசும்போது கையை அவரைப் போலவே சுழற்றினார்கள். அவருடைய கதையைப் படமாக்க வந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் 2020இல் விஜய் சேதுபதி விலகினார். பின்னர் மதுர் மிட்டல் நடித்து 2023இல் '800' வெளிவந்தது. 1977 வன்செயலில் கண்டியில் அவர் தந்தையின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டதை அறிந்தவர்கள், 2019இல் அவர் கோட்டாபயவை ஆதரித்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று திண்டாடினார்கள். காணாமல்போன பிள்ளையைத் தேடும் ஒரு தாய் அவரை மன்னிக்க மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஹாலிஎலயில் ஒரு சிறுவன் அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது.

பெண்களின் விளையாட்டுக்கு வருவோம். 'இறுதிச்சுற்று', 'கனா', 'பிகில்' மூன்றையும் எங்கள் பெண்கள் கண்ணீரோடு பார்த்தார்கள். எனக்கும் 'கனா' பிடிக்கும். ஆனாலும் ஒரு குறை. இந்தப் படங்களிலெல்லாம் பெண் ஜெயிக்க ஒரு ஆண் பயிற்றுநர் வந்தாக வேண்டியிருக்கிறது. தாய் பெரும்பாலும் தடுப்பவளாகவோ, அழுபவளாகவோதான் வருகிறாள்.

2025 ஒக்டோபர் 30ஆம் திகதி உலகக் கிண்ண அரையிறுதியில் ஜெமிமா ரொட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தார். அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 339 என்ற இலக்கை இந்தியப் பெண்கள் எட்டினார்கள். இறுதிப் போட்டியில் தென்னாபிரிக்காவை வென்று முதன்முறையாகக் கிண்ணத்தையும் தூக்கினார்கள். அரையிறுதி முடிந்ததும் ஜெமிமா மனப்பதற்றத்தால் தவித்ததையும், அழுத நாட்களையும் எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தக் காணொளியை எங்கள் பெண்கள் குழுவில் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு தாய், தானும் இரவில் நெஞ்சு படபடத்து எழும்பி உட்காருவதாகச் சொன்னார். பதினாறு வருடங்களாக யாரிடமும் சொல்லாத விடயம் அது. பதுளை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு நானும் போனேன். "அந்தப் பிள்ளையும் இதுக்கு மருந்து எடுத்துச்சா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

இலங்கைப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவையே வீழ்த்தி ஆசியக் கிண்ணம் வென்றார்கள். சமரி அத்தபத்து 61 ஓட்டங்கள், ஹர்ஷித ஆட்டமிழக்காமல் 69. இந்த ஆட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆண்கள் யாரும் பெரிய திரை கட்டவில்லை.

தோட்டத்தில் மைதானம் என்றால் அது பையன்களுக்கு. பெரிய பிள்ளையானதும் பெண்பிள்ளைகளின் ஓட்டம் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியோடு முடிந்துவிடும். அந்த உலகக் கிண்ணத்துக்குப் பின் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஒன்பது பிள்ளைகள் எங்களிடம் மட்டை கேட்டார்கள். மட்டை கிடைத்தது. மைதானத்துக்காக இளைஞர் மன்றத்தோடு மூன்று தடவை பேசினோம். தாய்மாரே முன்னின்று பேசினார்கள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நான்கு மணி முதல் ஐந்து மணி வரை தந்திருக்கிறார்கள். கார்த்திகை மாதத்தில் அந்த நேரத்துக்குத்தான் இங்கே மழை கொட்டும். பிள்ளைகள் நனைந்துகொண்டே விளையாடுகிறார்கள்.