வெளிநாட்டுப் பள்ளிச் சுற்றுலாவுக்கான ஆயத்தம்: சிங்கப்பூர்

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் பெட்டியைத் திறக்கும் முன் தங்கள் பெயரைச் சரிபார்க்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் முதலெழுத்தோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தந்தை அல்லது தாயின் முழுப்பெயரோடு விரிந்திருக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுத்தால் இரண்டும் பொருந்தாமல், விமான நிலையத்திலேயே மாணவர் நிறுத்தப்படலாம். ஆகவே விசாவுக்கும் பயணச்சீட்டுக்கும் கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல் பெயர் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமாவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு அது பொதுவாக 5 ஆண்டுகளுக்கே வழங்கப்படுகிறது. சிறு வயதில் எடுத்ததை நம்பி இருந்துவிடக் கூடாது. சிங்கப்பூர் வருகை அட்டையை, சென்றிறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் கட்டணமின்றி நிரப்பலாம்.

கணிதப் பெட்டியிலுள்ள கவராயம், கத்தரிக்கோல் ஆகியவை கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகக்கூடும். அம்மா கொடுக்கும் ஊறுகாய் பாட்டிலும் பெரிய பெட்டிக்குள்ளேயே போகட்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள மாணவரின் இன்ஹேலரும், அதற்கான மருத்துவர் சீட்டும் அவர் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதை ஆசிரியரிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சூயிங்கம் கொண்டுசெல்ல அங்கே 1992 முதல் தடை உண்டு. மின்செருகிகள் தட்டையான மூன்று முனை கொண்டவை என்பதால் அடாப்டர் தேவை. நேரம் நம்மைவிட 2 மணி 30 நிமிடம் முந்தியது. அங்கே இரவு 10 மணி என்றால் வீட்டில் 7.30தான்.