குடியானவன் வீட்டுப் பட்டறை

ஸ்வீடன் தேசத்தின் டாலர்னா மாகாணத்தில் காடுகளும் ஏரிகளும் நிறைய உண்டு. உழவுக்கு உகந்த நிலமோ சொற்பம். அந்தச் சொற்ப நிலத்தையும் பிள்ளைகள் யாவரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலவியதால், வயல்கள் துண்டு துண்டாகி, பயிரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஜீவனம் செய்வது அரிதாயிற்று. ஆகவே அம்மாகாணத்துக் குடியானவர்கள் வீட்டுக்கு வேண்டிய சாமான்களைத் தாங்களே செய்துகொள்ளவும், மிகுந்தவற்றை விற்றுத் தானியம் வாங்கவும் பழகினார்கள். 'ஸ்லாய்ட்' என்று அவர்கள் வழங்கும் இந்த வீட்டுக் கைத்தொழிலுக்குத் தொடக்கம் செய்யும் பருவம் இலையுதிர் காலம்.

செப்டம்பர் மாதத்தில், கோடை முழுவதும் காட்டு மேய்ச்சல் நிலங்களில் குடிசையிட்டுத் தங்கி, மாடுகளையும் ஆடுகளையும் மேய்த்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேகரித்த பெண்கள், மந்தைகளோடு ஊர் திரும்புவார்கள். ஸ்வீடனும் நார்வேயும் பேணிவரும் இந்தக் கோடை மேய்ச்சல் வாழ்க்கையை 2024இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பெண்கள் வந்து சேர்ந்த பின், பார்லியையும் ரை தானியத்தையும் கதிரடித்துக் குதிரில் சேர்ப்பதும், நிலம் உறைந்துவிடுமுன் உருளைக்கிழங்கைத் தோண்டியெடுப்பதும், ஊறி உலர்ந்த ஆளிச் செடியின் தண்டுகளை நொறுக்கி நாரெடுப்பதும், காட்டில் சிவந்து கனிந்த லிங்கன் பழங்களைப் பறித்துச் சேமிப்பதுமாக நாட்கள் ஓடும். அப்பழத்தில் இயல்பாகவே பென்சாயிக் அமிலம் அமைந்திருப்பதால், தண்ணீரில் போட்டு வைத்தாலும் அது மாதக்கணக்கில் கெடுவதில்லை. சர்க்கரை அருமையாயிருந்த ஏழை வீடுகளுக்கு அது பெரும் அனுகூலம்.

வயல் வேலை ஓயும்போது பகலும் குறுகிவிடுகிறது. டிசம்பர் நடுவில் டாலர்னாவில் சூரியன் வானத்தில் நிற்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. நீண்ட அந்த இரவுகளில் குடும்பத்தார் அனைவரும் அடுப்பு எரியும் ஒரே கூடத்தில் அமர்ந்து, பெண்கள் நூல் நூற்கவும் நெய்யவும், ஆண்கள் மரத்தில் வேலை செய்யவும், பிள்ளைகள் அருகிருந்து பார்த்துப் பார்த்தே வித்தை பயிலவும் செய்வார்கள்; அந்தக் கூடமே வீட்டின் பட்டறை.

அவர்கள் பெரிதும் உபயோகித்தது பிர்ச் மரம். நம் நாட்டில் பழங்காலத்தில் ஏடெழுத உதவிய இமயமலைப் பூர்ஜ மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. கோடையில் மரநீர் பெருகும்போது எளிதில் உரிந்துவரும் அதன் பட்டையை அப்போதே சேகரித்து வைத்து, தண்ணீர் ஊடுருவாத அந்தப் பட்டையை நாடாக்களாகக் கிழித்து, கூடையும் முதுகுப் பையும் பின்னுவார்கள். கரண்டியும் கிண்ணமும் செய்வதற்கு, நன்றாய் உலர்ந்த மரத்தைத் தேடாமல், வெட்டி ஈரம் காயாத பச்சை மரத்தையே எடுத்துக்கொள்வார்கள். ஈரமுள்ளபோது கத்தி மெத்தென்று இறங்கும் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று, மெல்லியதாகச் செதுக்கிய பண்டம் பருத்த கட்டையைப் போல் உள்ளும் புறமும் வேறு வேறு வேகத்தில் உலர்ந்து வெடிப்பதில்லை என்பதும் காரணமாகும். கிண்ணத்துக்கான கட்டையை இரண்டாகப் பிளந்து, வெடிப்பு தோன்றும் இடமாகிய நடுக்குருத்தை முதலிலேயே நீக்கிவிடுவார்கள். கரண்டிக்கோ இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடிப்பிடிப்பார்கள்; அதில் மரத்தின் ரேகை வளைவோடு சேர்ந்து ஓடுவதால், காம்பு மெலிந்திருந்தாலும் எளிதில் முறிவதில்லை. கைக்கோடாரியால் உருவம் கண்டு, நேர்க்கத்தியால் சீவி, வளைந்த கத்தியால் குழியைக் குடைந்து, சில நாள் நிழலில் மெல்ல உலரவிட்டு, பிறகு ஆளிவிதை எண்ணெய் பூசினால் கரண்டி நெடுங்காலம் உழைக்கும். அடுத்த கோடையில் புல் வாருவதற்கான மரவாரிக்கு இந்தப் பருவத்திலேயே புதுப் பற்கள் செதுக்கிப் பொருத்தப்படும். வேலை வந்தபின் கருவியைத் தேடாமல், ஓய்வு வந்தபோதே அடுத்த வேலைக்கான கருவியைச் செய்து வைப்பது அக்குடியானவரின் விவேகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரச் சாலைப் பொருள்கள் மலிவாக வந்து குவியவே, இந்த வீட்டுத் தொழில் நசியத் தொடங்கியது. அப்போதுதான் அதைப் பள்ளிக்கூடத்தில் காப்பாற்றும் எண்ணம் உதயமாயிற்று. அண்டை நாடான பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866இல் கைவேலை நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்குப் பாடமாயிற்று. ஸ்வீடனில், கோத்தென்பர்க் நகருக்கு அருகில் நேஸ் என்னும் பண்ணையை வைத்திருந்த ஆகஸ்ட் ஆப்ரஹாம்சன் என்ற வணிகரின் பொருளுதவியுடன், அவருடைய சகோதரியின் மகன் ஆட்டோ சாலமன் அங்கே 1872இல் கைத்தொழில் பள்ளியைத் தொடங்கி, பின்னர் ஆசிரியர்களுக்கான பயிற்சிச் சாலையாகவும் விரித்தார். பல தேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அங்கு வந்து பயின்றனர்.

சாலமன் வகுத்த முறையில் மாணாக்கன் கையில் முதலில் கொடுக்கப்படுவது கத்தி. அதிலிருந்து படிப்படியாகக் கடினமான வேலைகளுக்கு அவன் உயர்வான். செய்வது வீட்டில் உபயோகப்படும் பண்டமாகவே இருக்கவேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை அவன் ஒருவனே செய்யவேண்டும். தச்சனை உருவாக்குவது அவருடைய நோக்கமன்று. கவனம், ஒழுங்கு, சிரத்தை, உடலுழைப்பில் மதிப்பு ஆகிய குணங்களைக் கைவழியாக மனத்தில் பதிப்பதே நோக்கம். இன்றும் ஸ்வீடனின் கட்டாயக் கல்வியில் ஸ்லாய்ட் ஒரு பாடமாக நீடிக்கிறது. முன்போல் ஆண்களுக்கு மரம், பெண்களுக்குத் துணி என்ற பேதமின்றிப் பிள்ளைகள் யாவரும் இரண்டையும் கற்கிறார்கள்.

வறுமையால் பிறந்த தொழில் வளம் வந்தபின்னும் அந்நாட்டில் நிலைத்திருப்பது வெறும் பழமைப் பற்றினால் என்று நான் கருதவில்லை. கடையில் வாங்கிய கரண்டியில் ஒரு பிள்ளை விலையை மட்டுமே காண்கிறது. தானே செதுக்கிய பின்னரோ, மரம் எதற்கு இணங்கும், எதற்கு இணங்காது என்பதையும், அவசரப்பட்டால் எது கெடும் என்பதையும், பிறர் உழைப்பின் அருமையையும் அது அறிந்துகொள்கிறது. அந்த அறிவைப் புத்தகம் மட்டும் ஒருபோதும் தருவதில்லை. ஆதலால் கைக்கு வேலை கொடாத கல்வி எந்த நாட்டிலும் பாதிக் கல்வியே.