தரவுகளைப் படமாக்கும் மென்பொருளும் அதற்கான சான்றிதழ்த் தேர்வும்

புள்ளிவிவரங்களைத் திரட்டுவதில் நமது நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தவறாது நடைபெற்றது. 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பெற்றது. ஆயினும், திரட்டிய எண்களை ஒரே பார்வையில் உணரும்படி எடுத்துரைப்பதில் நாம் அதே அளவு முன்னேறியுள்ளோம் என்று கூறுவதற்கில்லை. இப்பணிக்கு உதவும் மென்பொருள்களுள் ஒன்று, 2015-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பவர் பிஐ. இதில் ஒருவர் பெற்ற திறனுக்குச் சான்றளிக்கும் தேர்வு பி.எல்.-300 எனப்படுகிறது.

தேர்வு நேரம் 100 நிமிடங்கள். 1,000 என்னும் அளவுகோலில் 700 பெற்றால் வெற்றி. இது நூற்றுக்கு எழுபது கேள்விகள் என்று பொருள்படாது; கேள்விகளின் கடினத்தை ஒட்டி மதிப்பெண் சீர்செய்யப்படுகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எக்கேள்வியையும் விடையின்றி விடுதல் கூடாது. தேர்வின்போது அந்நிறுவனத்தின் பாடக் குறிப்புகளைப் பார்க்க அனுமதி உண்டு. ஆனால் கடிகாரம் அதற்காக நிற்பதில்லை. எல்லாவற்றையும் அங்கே தேடிக்கொள்ளலாம் என்று நம்பியவர் பாதி வினாத்தாளோடு எழ நேரிடும்.

பாடத்திட்டத்தில் நான்கு பகுதிகள் உள்ளன. தரவைச் சீர்செய்தல், அட்டவணைகளை உறவுபடுத்தி அமைத்தல், படமாக்கிப் பகுத்தாய்தல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒத்த பங்கு பெறுகின்றன. நிர்வாகமும் பாதுகாப்பும் எஞ்சிய சிறு பங்கைப் பெறுகின்றன. இதனின்று ஓர் உண்மை புலனாகும். அழகிய படம் வரையக் கற்றவர் தேர்வில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கற்றிருக்கவில்லை.

சீர்செய்தலுக்கு நமது அலுவலக அட்டவணைகளைவிட நல்ல பயிற்சிக்களம் வேறில்லை. மாவட்டவாரி மழை அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பத்திகள் இருக்கும். தாளில் படிக்க இது வசதி. மென்பொருளுக்கோ மாதம் ஒரு பத்தியிலும் மழையளவு மற்றொரு பத்தியிலுமாக, ஒரு மாவட்டத்துக்குப் பன்னிரண்டு வரிசைகளாக மாற்றித் தர வேண்டும். இம்மாற்றம் தேர்வில் அடிக்கடி வினவப்படக்கூடியது. பெயர்களிலும் இடர்ப்பாடு உண்டு. பழைய அட்டவணையில் ஒரிசா, புதியதில் ஒடிசா. 2014-க்கு முன் ஹைதராபாத் ஆந்திரப் பிரதேசத்தில், பின்னர் தெலங்கானாவில். இவற்றை ஒருமைப்படுத்தாது இரு அட்டவணைகளை இணைத்தால், ஒரு மாநிலமே கணக்கிலிருந்து ஓசையின்றி விடுபட்டுப் போகும்.

இனி, கணக்கிடுதலில் நேரும் பிழை. ஒரு மாவட்டத்தில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 40 லட்சம், எழுத்தறிவு 90 சதவீதம். மற்றொன்றில் 10 லட்சம், 60 சதவீதம் எனக் கொள்வோம். இரு சதவீதங்களின் சராசரி 75. எழுத்தறிந்தோரோ 36 லட்சமும் 6 லட்சமும் சேர்ந்து 42 லட்சம். 50 லட்சத்தில் இது 84 சதவீதம். சதவீதப் பத்தியை இழுத்து வைத்து 'சராசரி' என்று கட்டளையிட்டால், மென்பொருள் தயங்காமல் 75 என்றே காட்டும். எழுத்தறிந்தோர் கூட்டுத்தொகையை மக்கள் கூட்டுத்தொகையால் வகுக்குமாறு சூத்திரம் எழுத வேண்டும். இதை உணராத அலுவலர் வரைந்த படத்தைக் கொண்டு நிதி ஒதுக்கப்பட்டால், ஒன்பது புள்ளி வேறுபாட்டின் சுமை எவர் தலையிலோ விழும். நமது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதையும் நாமே சொல்லித் தர வேண்டும். இல்லையேல் ஆண்டுக் கூட்டுத்தொகை ஜனவரியிலிருந்தே கணக்கிடப்படும்.

மாணவர்கள் பெரிதும் இடறுவது நான்காம் பகுதியில். கணினியில் நிறுவும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் இருந்தால் போதும். ஆனால் அறிக்கையை வெளியிட்டு, யார் எதைக் காணலாம் என்று வரையறுக்கும் இணையச் சேவையில் சேர, அலுவலகமோ கல்லூரியோ வழங்கிய மின்னஞ்சல் முகவரி தேவை. சொந்த முகவரி ஏற்கப்படுவதில்லை. ஒரு மாவட்ட அலுவலர் தம் மாவட்டத்தின் வரிசைகளை மட்டும் காணுமாறு செய்யும் வரிசைநிலைப் பாதுகாப்பு, நிர்வாகத்துக்கு இன்றியமையாதது. அதை ஒருமுறையேனும் செய்து பாராதவர் புத்தகத்தில் மட்டும் படித்து விடையளிக்கிறார். இம்முகவரிகளைத் தாராளமாக வழங்குவது கல்லூரிகளுக்குப் பெருஞ்செலவன்று. பல மாணவர்க்கு அதுவே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம்.

பழைய வினாக்கள் என்று விற்கப்படும் தொகுப்புகளை மனனம் செய்வோர் இருக்கின்றனர். அது தேர்வு விதிகளுக்கு முரணானது. பிடிபட்டால் சான்றிதழும் பறிபோகும். அதனினும் மேலாக, சான்றிதழ் பெற்ற மறுவாரம் மேசைக்கு வரும் மழை அட்டவணைக்கு அந்தத் தொகுப்பில் விடை இருக்காது.

முதல் முறை தவறியவர் 24 மணி நேரத்துக்குப் பின் மீண்டும் எழுதலாம். பெற்ற சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். அது காலாவதியாவதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள், இணையவழியிலேயே, கட்டணமின்றி நடத்தப்பெறும் சிறு மதிப்பீட்டில் தேறினால் மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது.