உருமேனியக் கிராமங்களும் நெசவுக் கலையும்

பிற நாடுகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அந்நாடுகளின் தலைநகரங்களையே முதலில் நாடுவர். அரண்மனைகளும் நூதனசாலைகளும் அங்கேயே உள. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் உள்ளத்தை அறிய விரும்புவோன் அவர்தம் கிராமங்களுக்கே செல்லல் வேண்டும். ஐரோப்பாவின் தென்கிழக்கிலுள்ள உருமேனியா இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அந்நாட்டறிஞரும் இதனை உணர்ந்திருந்தனர். திமித்ரி குஸ்தி என்னும் சமூகவியற் பேரறிஞர் தம் மாணவரைக் குழுக்களாகக் கிராமந்தோறும் அனுப்பி, மக்களின் வீடு, உணவு, உடை, வழிபாடு ஆகிய யாவற்றையும் ஆராயச் செய்தார். அம்முயற்சியின் பயனாக 1936 ஆம் ஆண்டிற் புக்கரெஸ்து நகரத்து ஏரிக்கரையிற் கிராம நூதனசாலை தோன்றிற்று. பல மாகாணங்களிலிருந்தும் மெய்யான வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் நிறுவினர். பிரயாணி தன் பயணத்தைத் தொடங்குதற்கு இதனினும் ஏற்ற இடம் பிறிதில்லை.

கார்பேதிய மலைத்தொடர் உருமேனியாவின் நடுவே வில்லைப்போல வளைந்து கிடக்கின்றது. அவ்வளைவின் அகத்தே திரான்சில்வேனியாவும், தெற்கே தன்யூப் ஆற்றை நோக்கி வலாக்கியாவும் ஒல்தேனியாவும், கிழக்கே மொல்தோவாவும் அமைந்துள்ளன. வட எல்லையிலே மலைகளாற் சூழப்பெற்று மாராமுரெஷ் என்னும் பகுதி இருக்கின்றது. பழைய கிராம வாழ்க்கையின் சுவடுகள் மிகுதியாக எஞ்சியிருப்பது இங்கேதான். இது மரத்தால் ஆகிய ஒரு நாடு எனலாம். வீடும் வேலியும் கோவிலும் மரமே. பெருவாயிற் கதவுகளின் நிலைகளிற் கதிரவன் உருவையும் முறுக்கிய கயிற்றின் உருவையும் செதுக்குதல் மரபு. ஓங்கிய கூர்ங்கோபுரங்களையுடைய இப்பகுதி மரத்தேவாலயங்களுள் எட்டினை 1999 இல் யூனெஸ்கோ தாபனம் உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது.

மரவேலை ஆடவர் கலையாக, நெசவு மகளிர் கலையாக விளங்கிற்று. அக்கலை தறியிலே தொடங்குவதன்று, வயலிலே தொடங்குவது. ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்குச் சணல் விதைத்தது. முதிர்ந்த சணற் செடிகளைப் பிடுங்கி, கட்டுகளாக்கி, நீரில் அமிழ்த்தி ஊறவிடுவர். தண்டு அழுகி நார் தளர்ந்தபின் உலர்த்தி, மரக்கருவியால் அடித்து நொறுக்கிச் சக்கையை நீக்குவர். பின்னர் இரும்புப் பற்கள் பதித்த சீப்பில் நாரைப் பலமுறை வாரி, பருநார் வேறு மென்னார் வேறாகப் பிரிப்பர். பருநார் சாக்குக்கும், மென்னார் சட்டைத் துணிக்கும் உதவும். ஒரு சட்டை உடலிற் சேருமுன் எத்தனை நாள் உழைப்பு வேண்டியிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

மற்றொரு மூலப்பொருள் ஆட்டு மயிர். மலைநாட்டிற் பெரிதும் வளர்க்கப்படும் சுர்க்கானா என்னும் செம்மறியாட்டின் மயிர் நீண்டது, முரடானது. கம்பளத்துக்கும் போர்வைக்கும் மிக ஏற்றது. வேனிலில் ஆடுகள் மலைமேற் புல்வெளிகளுக்குச் செல்லும். இளவேனிலில் ஒவ்வொருவர் ஆடும் தரும் பாலை அளந்து, கோடையில் அவரவர்க்குரிய பாலாடைக் கட்டியின் பங்கை வரையறுக்கும் நாள் ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடப்படும்.

மயிரையும் நாரையும் நூலாக்குவது குளிர்கால வேலை. வயல்கள் உறைபனியால் மூடப்பட்டிருக்கும் நீண்ட இரவுகளிற் பெண்கள் ஒரு வீட்டிற் கூடி, நார் சுற்றிய கோலை இடையிற் செருகிக் கதிரைச் சுழற்றி நூற்பர். இக்கூட்டத்துக்கு ‘ஷெசதோவாரே’ என்று பெயர்; ‘அமர்ந்திருத்தல்’ என்பது அதன் பொருள். பாட்டும் விடுகதையும் பழங்கதையும் அங்கே வழங்கின. இளைஞரும் வந்து சேர்வர். திருமணப் பேச்சுகளும் முளைக்கும். சிறுமியர் நூற்கவும் தைக்கவும் கற்ற பாடசாலையும் அதுவே. நூற்றபின் தறியை வீட்டினுள்ளே கொணர்ந்து பூட்டுவர். தறியையும் போரையும் உருமேனிய மொழி ‘ரஸ்போய்’ என்னும் ஒரே ஒலியாற் குறிப்பது வியப்புக்குரியது.

கம்பளங்களிலே நாட்டின் பல பகுதிகளும் தத்தம் இயல்பைக் காட்டும். தெற்கே ஒல்தேனியாவின் கம்பளங்களிற் பூக்களும் பறவைகளும் விரிந்து கிடக்கும். வடக்கே மாராமுரெஷில் நேர்கோடுகளாலான வடிவங்களும், கைகோத்து வட்டமாக ஆடுவோர் உருவங்களும் மிகும். சுவரில் தொங்கவிடும் இக்கம்பளம் குளிரைத் தடுத்தது. அறையை அழகு செய்தது. பெண்ணின் சீதனத்திலும் இடம்பெற்றது. சாயங்கள் செடிகொடிகளிலிருந்தே பெறப்பட்டன. மஞ்சிட்டி வேர் செந்நிறத்தையும், வெங்காயத் தோல் மஞ்சளையும், அக்ரோட்டின் பச்சைத் தோடு பழுப்பையும் தரும். நிறம் நூலிற் பற்றுதற்குப் படிக்காரம் சேர்ப்பர். இரசாயனச் சாயங்கள் வந்தபின் இம்முறை பல இடங்களிற் கைவிடப்பட்டது. மாராமுரெஷைச் சேர்ந்த போதீசா என்னும் ஊர் இயற்கைச் சாயக் கம்பளங்களுக்கு இன்றும் பெயர்பெற்றது.

பிரயாணியின் கண்ணைக் கவரும் மற்றொன்று ‘வில்தோவாரே’ எனப்படும் நீர்ச்சுழல் தொட்டி. மேல் அகன்று கீழ் குறுகிய பெரிய மரத்தொட்டியினுள் ஓடைநீர் உயரத்திலிருந்து பாய்ந்து சுழலும். அதனுள் இட்ட கம்பளிப் போர்வை இடையறாது சுழன்று அழுக்கு நீங்கும். மயிர் பொங்கி மென்மையும் வெம்மையும் பெறும். சவர்க்காரமும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. ஈசா, கொசெவு ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குச் செல்வோர் இத்தகைய நீர்க்கருவிகளைக் காணலாம்.

இக்கலையின் முடிமணியாக விளங்குவது ‘இயே’ என்னும் பெண்கள் மேற்சட்டை. அது நேரான துண்டுகளால் தைக்கப்படுவது. ஆகவே, துணி சிறிதும் வீணாவதில்லை. அழகெல்லாம் கைப்பகுதியிலே திரண்டுள்ளது. தோளில் ‘அல்தீட்சா’ என்னும் செறிந்த பூவேலைப் பட்டை. அதன்கீழ் ஒடுங்கிய ஒரு பட்டை. அதன்கீழ் ‘ஆறுகள்’ என அழைக்கப்படும் கோடுகள் மணிக்கட்டை நோக்கி இறங்கும். பழங்காலத்தில் ஒருத்தியின் உடையைக் கண்டே அவள் எப்பகுதியினள், மணமானவளா என்பதை அறியலாயிற்று. அரசி மரியா இவ்வுடையை விரும்பி அணிந்தார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1940 இல் இதனைத் தம் ஓவியமொன்றின் பொருளாக்கினார்.

இவ்வாழ்வு இடையூறின்றி வந்ததன்று. பொதுவுடைமை ஆட்சி 1949 முதல் 1962 வரை நிலங்களைக் கூட்டுப்பண்ணைகளாக மாற்றியது. மலைப்பாங்கான ஊர்கள் பல இதற்குத் தப்பின. 1988 இல் ஆயிரக்கணக்கான கிராமங்களை அழித்து மாடிக் குடியிருப்புகளாக்கும் திட்டம் முடுக்கிவிடப்பட்டது. 1989 இல் ஆட்சி வீழ்ந்தமையால் அது நிறைவேறவில்லை. ஆயினும் ஆட்சியாணை செய்ய முடியாததைப் பொருளாதாரம் செய்தது. எல்லைகள் திறந்தன, 2007 இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது, இளைஞர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் தொழில் தேடிச் சென்றனர். சணல் வயல்கள் அருகின. தறிகள் பரண்களில் ஏறின.

மறுபுறத்தில், கலையின் புகழோ உயர்ந்தது. உருமேனியாவும் மொல்தோவாக் குடியரசும் இணைந்து விண்ணப்பித்தமையால் யூனெஸ்கோ 2016 இற் சுவர்க்கம்பள நெசவையும், 2022 இல் அல்தீட்சாச் சட்டைக் கலையையும் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2017 இற் பாரிசு நகரத்து ஆடம்பர ஆடை நிறுவனமொன்று பிஹோர் மாவட்டத்துப் பூவேலை மேலங்கியை ஒத்த ஆடையொன்றைத் தன் படைப்புகளோடு வெளியிட்டது. அதன் மூலத்துக்குரிய கைவினைஞருக்கு அதனாற் பயனொன்றுமில்லை. இதனைக் கண்டித்து, அம்மாவட்டத்துக் கைவினைஞர் தம் ஆடைகளைத் தாமே விற்க 2018 இல் ஓர் இயக்கம் எழுந்தது. கோலம் உலகெங்கும் பரவ, அதனை ஈன்ற கை வெறுமையாய் நிற்பதா என்பதே அவ்வியக்கம் எழுப்பிய வினா.

இங்கே பிரயாணிக்கும் ஒரு கடமை உண்டு. வீதியோரக் கடைகளில் இயந்திரத்தால் அச்சிட்ட பூக்களையுடைய சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். அவை கோலத்தை மட்டுமே தாங்குவன. வயலையும் ஓடையையும் குளிர்கால இரவுகளையும் அறிந்தவள் நெய்த துணிக்கு அவள் கேட்கும் விலையைப் பேரம் பேசாது கொடுப்பவன், துணியோடு அவள் மகள் தறியில் அமர்வதற்கு ஒரு காரணத்தையும் வாங்குகின்றான். பட்டியல்கள் ஒரு கலையின் பெயரைக் காக்கும். கலையைக் காப்பது அதனாற் பிழைக்கக்கூடிய வாழ்வே. உருமேனியக் கிராமங்கள் தம்மைக் காண வருவோர்க்குப் புகட்டும் பாடம் இதுவாம்.